வெண்யூ 1.2-ஆ, 1.0 டர்போவா? கருங்கல் – நாகர்கோவில் தினசரி ஓட்டத்துக்கு

கருங்கல்காரன் | 11 ஜூன் 2025, காலை 9.10

ஹூண்டாய் வெண்யூ கார் எடுக்கணும். 1.2 சாதா பெட்ரோலா, 1.0 டர்போவான்னு வீட்டுல தினமும் சண்டை. ஓட்டம்: வாரம் ஆறு நாள் கருங்கல் – திங்கள்சந்தை – நாகர்கோவில் போய் வர. மாசம் ஒரு தடவை திருநெல்வேலி. வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை பொன்முடி, கொடைக்கானல்.

ஷோரூமுல "மைலேஜ் ரெண்டும் ஒண்ணுதான், பவர் மட்டும் கூடுதல்"ங்கிறாங்க. நம்பல. 1.2 போதும், டர்போ வீண் செலவுன்னுதான் எனக்குத் தோணுது. மறுக்கிறவங்க கணக்கோட வாங்க.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 11 ஜூன், மாலை 7.40

கணக்கோடயே வரேன்.

1.2 கப்பா எம்பிஐ: 83 பிஎஸ் (குதிரைத்திறன்), 6000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிசத்துக்குச் சுத்துறது). டார்க் (முறுக்கு இழுவை) 114 என்எம், 4000-ல். நாலு சிலிண்டர்.
1.0 டர்போ ஜிடிஐ (பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள தெளிக்கிற வகை): 120 பிஎஸ், அதுவும் 6000-லதான். டார்க் 172 என்எம், 1500-ல் இருந்து 4000 வரைக்கும். மூணு சிலிண்டர்.

எல்லாரும் 83, 120-ஐப் பார்த்துட்டு வாயைப் பொளக்கிறாங்க. திங்கள்சந்தை ரோட்டுல 6000 ஆர்பிஎம் ஏத்துறவன் யாரு? நம்ம கால் கெடக்கிறது 1500-க்கும் 2500-க்கும் நடுவுல. அங்க பாருங்க. பிஎஸ் வேணும்னா டார்க்கை ஆர்பிஎம்மால பெருக்கி 7023-ஆல வகுக்கணும். 2000 ஆர்பிஎம்மில் டர்போ 172 × 2000 ÷ 7023 = 49 பிஎஸ். 1.2-க்கு அந்த இடத்துல 100 என்எம்னு தாராளமா வச்சாலும் 28 பிஎஸ்தான். நோட்டீசுல 37 பிஎஸ் வித்தியாசம் எழுதியிருக்கு. காலுக்குத் தெரியிறது இந்த 28-க்கும் 49-க்கும் உள்ளது.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 11 ஜூன், இரவு 9.55

மேல எழுதினதுல ஒரு பாதிதான் இருக்கு. மிச்சம் இது.

172 என்எம் 1500-ல கிடைக்கும்னா, ஆக்சிலரேட்டரை அமுக்கின அந்த நொடியே கிடைக்கும்னு அர்த்தமில்ல. எக்ஸாஸ்ட் காத்து டர்பைனைச் சுத்தணும், கம்ப்ரசர் காத்தை அமுக்கணும், அது இன்டர்கூலர் (அமுக்கின காத்தை ஆற வைக்கிறது) வழியா சுத்தி வந்து சிலிண்டருக்குள்ள போகணும். 1200 ஆர்பிஎம்மில் ரெண்டாவது கியர்ல ஊர்ந்துக்கிட்டு இருக்கிற டர்போ, அந்த நேரத்துக்கு வெறும் ஒரு லிட்டர் எஞ்சின்தான். கம்ப்ரஷனும் சாதா எஞ்சினை விடக் குறைவா வச்சிருப்பாங்க, அதனால வெறும் ஒரு லிட்டரை விடவும் கொஞ்சம் சோம்பல். 1.2 அங்க மென்மையா இழுக்கும். ஆக்சிலரேட்டர் எவ்வளவோ, இழுவை அவ்வளவு.

ஆகவே பஸ் பின்னால 15, 20 வேகத்துல ஊர்றப்ப 1.2 மேல். பஸ்ஸைத் தாண்டுறப்ப டர்போ மேல். கருங்கல் ரோட்டுல தாண்ட இடம் எங்கன்னு நீங்கதான் சொல்லணும்.

ஆரல் காத்து | 12 ஜூன், காலை 6.30

திருநெல்வேலி ஓட்டத்தை மாசம் ஒண்ணுன்னு லேசா சொல்லிட்டீங்க. ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அடிக்கிற காத்தை யாரும் கணக்குல சேர்க்கலையே. போறப்ப முதுகுல தள்ளும், வர்றப்ப காவல்கிணறு தாண்டினதும் முகத்துல அடிக்கும். காத்தாடிகளை சும்மாவா அங்க நட்டு வச்சிருக்கான். அந்தக் காத்துல 1.2 மூச்சு வாங்காதா?

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 12 ஜூன், மாலை 8.15

கொள்ளாம், நல்ல கேள்வி. கணக்குப் போட்டா விடை நாம நினைக்கிறதுக்கு நேர் எதிரா வருது.

காத்தெதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். இந்த அளவு வண்டிக்கு காத்தெதிர்ப்பு எண்ணையும் முன்பக்கப் பரப்பையும் பெருக்கினா சுமார் 0.8 சதுர மீட்டர். எடை ஆளோட 1200 கிலோன்னு வைப்போம்.

காத்து இல்லாம 80-ல போனா சக்கரத்துல வேண்டியது 11 பிஎஸ் சொச்சம்.
80-ல போறப்ப 30 கிலோமீட்டர் எதிர்காத்து அடிச்சா 18 பிஎஸ்.
100-ல போறப்ப அதே எதிர்காத்து அடிச்சா 29 பிஎஸ்.

18 பிஎஸ்ஸுக்கு 83 பிஎஸ் எஞ்சின் ஏன் மூச்சு வாங்கணும்? வாங்காது. டாப் கியர்லயே போகும்.

இனி டர்போ பக்கம். பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ நல்ல அளவுகோல். 2020-ல் வந்த போலோவில ரெண்டும் ஒரே குடும்பம், ரெண்டும் 999 சிசி மூணு சிலிண்டர்: சாதா எம்பிஐ 76 பிஎஸ், 95 என்எம்; டர்போ டிஎஸ்ஐ 110 பிஎஸ், 175 என்எம். அதாவது ஒரு லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாம தன் மூச்சுல கொடுக்கிறது 95 என்எம். அதுக்கு மேல வேணும்னாத்தான் பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கிக் கொடுக்கிற காத்து. 80-ல எதிர்காத்துல, 2000 ஆர்பிஎம்மில் ஓடினா, கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்து வேண்டியது 70 என்எம் பக்கம். பூஸ்ட் பேருக்குத்தான் இருக்கும். 100-ல அதே காத்துல 2500 ஆர்பிஎம்னா 90 என்எம். வாசல்படியில நிக்குது. ஏசியும் ஒரு சின்ன ஏத்தமும் சேர்ந்தா டர்போ முழுசா வேலைக்கு எறங்கும், பெட்ரோலும் கூடவே எறங்கும்.

ஆரல் காத்துல 80-க்குள்ள வர்றவனுக்கு ரெண்டும் ஒண்ணு. வேகத்தைக் கூட்டிக்கிட்டு லாரிகளைத் தாண்டுறவனுக்குத்தான் வித்தியாசம்.

ஆரல் காத்து | 12 ஜூன், இரவு 8.50

80-க்குள்ள நாலு வழிச்சாலையில யாரு அண்ணே வர்றா.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 13 ஜூன், காலை 7.05

வெண்யூ ஒண்ணை மட்டும் பார்க்காதீங்க. ஒரே உடம்புல ரெண்டு எஞ்சின் வர்ற மத்த ஜோடிகள்:

மாருதி ஃபிராங்ஸ், அதே வண்டி டொயோட்டா பேருல டைசர்: 1.2 டூயல்ஜெட் 90 பிஎஸ், 113 என்எம். 1.0 பூஸ்டர்ஜெட் 100 பிஎஸ், 148 என்எம், 2000-ல் இருந்து 4500 வரை.
நிசான் மேக்னைட், அதோட கூடப்பிறந்த ரெனோ கைகர்: 1.0 சாதா 72 பிஎஸ், 96 என்எம். 1.0 டர்போ 100 பிஎஸ், 160 என்எம். சிவிடி (கியர் படியே இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ்னா 152. டைரக்ட் இஞ்செக்‌ஷன்.
டாடா அல்ட்ராஸ் 2020-ல வந்தப்ப 1.2 சாதா 86 பிஎஸ். அடுத்த வருசம் வந்த ஐ-டர்போ 110 பிஎஸ், 140 என்எம்.
ஹூண்டாய் ஐ20: 1.2-ம் வெண்யூவோட அதே 1.0 டர்போவும். 2023 புதுப்பிப்புக்கு அப்புறம் டர்போ 'என் லைன்'ங்கிற ஸ்போர்ட்டி வகையில மட்டும்.

மேக்னைட் ஜோடியில தாவல் பெருசு, 96-ல இருந்து 160. அங்க டர்போவுக்குக் கண்ணை மூடிக்கிட்டு கை தூக்கலாம். ஃபிராங்ஸ்ல தாவல் சின்னது, யோசிக்கணும். வெண்யூ நடுவுல.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 14 ஜூன், காலை 6.50

திருத்தம். மேக்னைட் டர்போவை டைரக்ட் இஞ்செக்‌ஷன்னு எழுதினது தப்பு. அது போர்ட் இஞ்செக்‌ஷன். பெட்ரோல் இன்டேக் பாதையிலதான் தெளிக்கும். வெண்யூ டர்போதான் நேரா சிலிண்டருக்குள்ள தெளிக்கிற வகை. வித்தியாசம் சின்னதில்ல, அதனால தனியா சொல்றேன்.

போர்ட் வகையில பெட்ரோல் இன்டேக் வால்வு முதுகைக் கழுவிக்கிட்டே போகும். நேரடி வகையில அந்தக் குளிப்பாட்டல் கிடையாது. எஞ்சின் மூச்சுல வர்ற எண்ணெய்ப் புகை வால்வு முதுகுல ஒட்டி, காய்ஞ்சு, கரியாப் படியும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் அரை நிமிசம் உதறுறது, ஐடில் ஏறி எறங்குறது, ஸ்கேனர்ல பி0300 வரிசையில மிஸ்ஃபயர் கோடு, இதெல்லாம் அதோட அடையாளம். டேங்குல ஊத்துற கிளீனர் இதுக்கு உதவாது, ஏன்னா அந்தப் பெட்ரோல் வால்வு முதுகைத் தொடுறதே இல்ல. இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டி, வால்வு மூடியிருக்கிற சிலிண்டர்லயா பார்த்து ஒவ்வொண்ணாச் சுரண்டிக் கழுவணும். வால்வு திறந்து கெடக்கிறப்ப சுரண்டினா கரி உள்ள விழும், வேலை ரெண்டாயிடும்.

சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடுற வண்டிக்கு இது சீக்கிரம் வரும். வாரத்துல ஒரு நாளாவது எஞ்சின் நல்லா சூடாகி அரை மணி நேரம் ஓடணும்.

கருங்கல்காரன் | 14 ஜூன், மதியம் 1.20

கரி, காத்து எல்லாம் சரி. மைலேஜ் ஒண்ணுதான்னு ஷோரூமுல சொன்னது பொய்யா, நெசமா?

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 14 ஜூன், இரவு 9.30

காகிதத்துல நெசம். ஃபிராங்ஸ் மேனுவல்ல ஏஆர்ஏஐ சோதனைக்கூடத்து மைலேஜ் எண் 1.2-க்கு லிட்டருக்கு 21.79 கிலோமீட்டர், டர்போவுக்கு 21.5. கால் கிலோமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம்.

அந்தச் சோதனையில வேகம் 90-ஐத் தாண்டாது, ஆக்சிலரேட்டரும் பைய ஏறும். மேல ஆரல் காத்துக்குப் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க: அந்த மாதிரி ஓட்டினா பூஸ்ட் தேவைப்படாது. சின்ன எஞ்சின், உராய்வு கம்மி, மைலேஜ் நல்லா வரும். ரோட்டுல நாம பூஸ்ட்டுக்காகத்தானே காசு கொடுத்தோம்! அமுக்குவோம். அமுக்கினா சிலிண்டர் சூட்டைக் குறைக்க ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டியும், ஸ்பார்க்கைத் தள்ளிப் போட்டும் சமாளிக்கும். அங்கதான் போகுது.

1.2 மைலேஜ் அப்படி ஆளுக்கு ஆள் மாறாது. மோசமா ஓட்டினாலும் ஒரு அளவுக்குக் கீழ போகாது. டர்போ மைலேஜ் ஓட்டுறவன் காலைப் பொறுத்தது. ஒரே வண்டியில அப்பாவும் மகனும் ஓட்டினா ரெண்டு கணக்கு வரும்.

மீட்டர்ல காட்டுறதை நம்பாம, ஒரே பம்புல, தானா கட்டாகுற வரைக்கும் அடிச்சு, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, குறைஞ்சது 300 கிலோமீட்டர் ஓடி, அதே மாதிரி திரும்ப அடிச்சு வகுங்க. கேரளா வண்டிக்காரங்க விலை குறைவுன்னு களியக்காவிளை தாண்டி வந்து இப்படித்தான் அடிக்கிறாங்க. அவங்க வகுக்கிறது மைலேஜ் இல்ல, மிச்சம்.

தெங்கம்பட்டணம் | 19 ஜூன், காலை 10.05

கடல் ஓரத்துல வீடு இருக்கிறவங்களுக்கு டர்போவுல தனியா ஏதும் வருமா? இன்டர்கூலர் முன்னாலதானே இருக்கு.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 19 ஜூன், இரவு 8.45

வரும். இன்டர்கூலர் அலுமினியத் தகடுகள் மெல்லிசு. குளச்சல், முட்டம், தெங்கம்பட்டணம் பக்கத்து உப்புக்காத்து அதுல வெள்ளையாப் பூத்து, தகடு பொடியா உதிரும். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் வர்ற அதே வியாதி. டர்போவுல நோயாளி ஒண்ணு கூடுதல், அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை கிரில் வழியா நல்ல தண்ணியைத் தோட்டத்துக் குழாய் வேகத்துல விடுங்க. பிரஷர் கன் வேண்டாம், தகடு மடங்கிடும்.

அதை விட முக்கியம் கிளாம்ப். இன்டர்கூலருக்கு வர்ற, போற ரப்பர் குழாய்களைப் பிடிக்கிற இரும்புக் கிளாம்ப் துருப்பிடிச்சுத் தளர்ந்தா, பூஸ்ட் ஏர்றப்ப "உஸ்ஸ்"னு சத்தம், இழுவை குறைவு, எஞ்சின் விளக்கு, ஸ்கேனர்ல பி0299. இந்தக் கோடு வந்ததும் "டர்போ போச்சு"ன்னு யாராவது எழுதிக் கொடுத்தா உடனே சம்மதிக்காதீங்க. பி0299-ன்னா பூஸ்ட் எதிர்பார்த்த அளவு வரலன்னு மட்டும்தான் அர்த்தம். பார்க்க வேண்டிய வரிசை: ஏர் ஃபில்டர் அடைப்பு; எல்லாக் குழாய் இணைப்பும் (சோப்புத் தண்ணி தெளிச்சு, இல்லன்னா ஸ்மோக் மெஷின் வச்சு); மேப் சென்சர் (காத்தழுத்தம் அளக்கிறது) எண்ணெய் படிஞ்சிருக்கா; வேஸ்ட்கேட் (மிச்ச எக்ஸாஸ்டைத் தள்ளி விடுற கதவு) தண்டு இறுகியிருக்கா, ஆக்சுவேட்டர் அசையுதா. இவ்வளவும் சரின்னாத்தான் டர்போவைத் தொடணும். டர்போ சுத்துற தண்டைக் குறுக்க ஆட்டினா துளி அசைவு இருக்கலாம், எண்ணெய் அதை நிரப்பும். முன்னும் பின்னும் அசைஞ்சா, இல்ல இறக்கை உறையில உரசின தடம் இருந்தா, அப்பத்தான் டர்போ போச்சு.

குழாய்க்குள்ள எண்ணெய் லேசா மினுங்குறதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சொட்டாத் தேங்கி நின்னா யோசிக்கணும்.

தெங்கம்பட்டணம் | 20 ஜூன், காலை 7.15

வெள்ளம் நிக்கிற ரோட்டுல?

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 20 ஜூன், காலை 7.40

டர்போ வண்டியில இன்டர்கூலர் குழாய் பம்பர் அடியில தாழ ஓடும். பூஸ்ட் இல்லாதப்ப அந்தக் குழாய்க்குள்ள அழுத்தம் வெளிக்காத்தை விடத் துளி குறைவு. தளர்ந்த இணைப்பு வழியா வெள்ளம் உள்ள வரலாம். பம்பர் அடியைத் தொட்டா திரும்பிடுங்க. வெள்ளத்துக்குள்ள எஞ்சின் நின்னு போச்சுன்னா, எந்த எஞ்சினானாலும், திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. பிளக்கைக் கழட்டிக் கையால சுத்திப் பார்த்துட்டுத்தான் மத்தது. தண்ணி அமுங்காது; கனெக்டிங் ராடுதான் வளையும்.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 28 ஜூன், மாலை 6.30

எண்ணெய் பத்தித் தனிச்செய்தியா நாலு பேர் கேட்டாச்சு. எல்லாருக்கும் சேர்த்து இங்கயே.

டர்போ தண்டு சுத்துறது நிமிசத்துக்கு ரெண்டு லட்சம் வரைக்கும் போகும். அதைத் தாங்குறது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். அதனால கையேட்டுல போட்டிருக்கிற கிரேடு, முழு சிந்தெடிக். கூடவே டின்னுல 'ஏபிஐ எஸ்பி'ங்கிற தரக்குறி இருக்கணும். அது விளம்பரச் சொல் இல்ல. நேரடி இஞ்செக்‌ஷன் டர்போவுல குறைஞ்ச ஆர்பிஎம்மில் பளு ஏத்தினா, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாலயே எண்ணெயும் பெட்ரோலும் கலந்த துளி தானாத் தீப்பிடிக்கிற ஒரு கோளாறு உண்டு. பிஸ்டன் விளிம்பே உடையும். எண்ணெயில இருக்கிற கால்சியம் சேர்மானம் அதைத் தூண்டும்னு தெரிஞ்சதும் கலவையை மாத்தி, எஸ்என் பிளஸ், அப்புறம் 2020-ல எஸ்பின்னு தரம் வச்சாங்க. 1.2-க்கு ஊத்துற மிச்சத்தை டர்போவுல ஊத்தாதீங்க.

இதே கோளாறுக்குப் பாதி மருந்து ஓட்டுறவன் காலுல இருக்கு. மார்த்தாண்டம் மேம்பாலம் ஏர்றப்ப நாலாவது கியர்ல 1300 ஆர்பிஎம்மில் முழுசா மிதிக்கிறது 1.2-ல வெறும் சோம்பேறித்தனம். உதறும், ஏறும், ஒண்ணும் ஆகாது. டர்போ ஜிடிஐயில அதே பழக்கம் எஞ்சினுக்கு எதிரி. மூணுக்கு மாத்துங்க, 1800-க்கு மேல கொண்டு போங்க, அப்புறம் மிதிங்க. 1.2-ல வருசக்கணக்காப் பழகின கால் டர்போவுக்கு வர்றப்ப இதைத்தான் முதல்ல மறக்கணும்.

எண்ணெய் மாத்துறது கையேட்டுல 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருசம். நெரிசல், குறுகிய ஓட்டம், தூசி இதெல்லாம் கையேடு "கடின உபயோகம்"ங்கிற தலைப்புல தனியாப் போட்டிருக்கும். நம்ம ரோடு அத்தனையும் அதுக்குள்ளதான். டர்போவுக்கு 7,500 என் கணக்கு. 1.2-க்கு 10,000 தாராளம்.

பிளக்: டர்போவுல இடைவெளி குறைவா வைப்பாங்க, அமுக்கின காத்துல பொறி தாண்டுறது கஷ்டம். 1.2 பிளக்கைக் கொண்டு டர்போவுல மாட்டினா ஏத்தத்துல மிஸ் அடிக்கும், அப்புறம் காயில் போகும்.

கூலன்ட்: பாதிக்குப் பாதி கலவை. கடலோரக் கிணத்துத் தண்ணியை ஊத்தினா தெய்வம் வந்தாலும் காப்பாத்தாது.

ஆரல் காத்து | 28 ஜூன், இரவு 7.20

வண்டியை நிறுத்தினதும் மூணு நிமிசம் ஐடில் விடணும்னு எங்க தெருவுல ஒருத்தர் தினமும் கேட்டு முன்னால நின்னு வாட்சைப் பார்க்கிறார்.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 28 ஜூன், இரவு 7.35

அவரை வீட்டுக்குள்ள போகச் சொல்லுங்க. ஊருக்குள்ள பைய ஓட்டிட்டு வந்தா அந்த ஓட்டமே ஆற வச்சிடும். நாலு வழிச்சாலையில விரட்டிட்டு வந்து நேரா ஓட்டல் வாசல்ல நிறுத்தினா, மலை ஏறி உச்சியில நிறுத்தினா, அப்ப மட்டும் அரை நிமிசத்துல இருந்து ஒரு நிமிசம். ஓடாத எஞ்சின்ல எண்ணெய் ஓடாது. கொதிக்கிற டர்போவுக்குள்ள நின்ன எண்ணெய் கரியாகும். காரணம் அவ்வளவுதான்.

கருங்கல்காரன் | 6 ஜூலை, மாலை 5.00

கொடைக்கானல் பத்தி யாரும் வாய் திறக்கலையே.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 6 ஜூலை, இரவு 9.10

கொடைக்கானல் 2100 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கிறதுல 81 சதவீதம் பக்கம். சாதா எஞ்சின் உறிஞ்சுற காத்து அவ்வளவு குறைஞ்சா பவரும் அவ்வளவு குறையும். 83 பிஎஸ், 67 ஆகும். அஞ்சு பேர், சாமான், ஏசி. கொண்டை ஊசியில முதல் கியருக்குப் போக வேண்டி வரும். போகட்டுமே, ஏறாமலா போயிடும்? பழைய மாருதி 800-ல எல்லாம் ஏறின மலைதானே.

டர்போ அந்தக் குறைவைக் கொஞ்சம் கூட வேகமாச் சுத்தி ஈடுகட்டும். முழுசா இல்ல, பூஸ்ட் வர்ற நேரம் சற்றுத் தள்ளும். பொன்முடி அவ்வளவு உயரம் இல்ல, அங்க உயரத்தை விட வளைவுதான் பிரச்சினை. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து ஏத்தத்துக்கு ரெண்டுமே மிச்சம்.

வருசத்துக்கு ரெண்டு தடவைக்காக 363 நாள் ஓட்டத்தை முடிவு பண்ணாதீங்க.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 13 ஜூலை, காலை 8.20

ஜூன் 11-ல எழுதினதைத் திரும்ப வாசிச்சேன். 1.2-ஆ டர்போவான்னு கேள்வியை அப்படியே வாங்கிக்கிட்டு பதில் சொல்லிட்டேன். கேள்வியே பாதிதான். கியர்பாக்ஸைக் கேட்கணும்.

இப்போதைய வெண்யூ 1.2-ல அஞ்சு கியர் மேனுவல் மட்டும். பெட்ரோல்ல ஆட்டோமேட்டிக் வேணும்னா டர்போ, ஏழு கியர் டிசிடி (ரெட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). கியா சோனெட் பெட்ரோல்லயும் அதே கதை. ஆகவே "டர்போ எடுத்தேன்"ங்கிறவங்கள்ல பல பேர் உண்மையில ஆட்டோமேட்டிக் எடுத்தவங்க. ஐ20-ல 1.2-க்கே சிவிடி உண்டு, அதுல 88 பிஎஸ். ஃபிராங்ஸ் 1.2-ல ஏஎம்டி (மேனுவல் பெட்டியையே தானா மாத்துறது), டர்போவுல டார்க் கன்வர்ட்டர் (எண்ணெய் வழியா சக்தி கடத்துற ஆட்டோமேட்டிக்) ஆறு கியர். மேக்னைட் சாதாவுல ஏஎம்டி, டர்போவுல சிவிடி.

இந்த வெண்யூ டிசிடி உலர் கிளட்ச் வகை. ரெண்டு கிளட்ச், எண்ணெயில முங்காது, காத்துலதான் ஆறணும். தக்கலை நெரிசல்ல அடிக்கு அடி ஊர்ந்தா கிளட்ச் பாதி பிடிச்சபடியே வழுக்கிச் சூடாகும். முன்வண்டி ஒரு கார் நீளம் நகர்ற வரைக்கும் பிரேக்குல காலை வச்சு நில்லுங்க. அப்புறம் விட்டு ஒரேயடியா நகருங்க. மேம்பால ஏத்தத்துல ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு வண்டியைப் பிடிச்சு வைக்கிறது கிளட்ச்சை வாணலியில வறுக்கிற வேலை. முதல், ரெண்டாவது கியர்ல நடுக்கம் வந்தா ஆரம்பம்னு எடுத்துக்கிடணும்.

தினமும் நெரிசல்ல ஊர்ற ஆளுக்கு ஆட்டோமேட்டிக்ல நான் வைக்கிற வரிசை: டார்க் கன்வர்ட்டர், சிவிடி, டிசிடி, ஏஎம்டி. எஞ்சின் அதுக்கு அப்புறம்தான்.

தெங்கம்பட்டணம் | 13 ஜூலை, காலை 11.30

ஏஎம்டியைக் கடைசியில தள்ளினது அநியாயம். விலையும் குறைவு, மைலேஜும் உண்டு. தலையாட்டுறதுதான் குறை. நம்ம ஊருல எல்லாத்துக்கும் தலையாட்டிப் பழகினவங்கதானே.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 13 ஜூலை, மதியம் 12.10

ஏத்துக்கிடுறேன், ஏஎம்டிக்கும் டிசிடிக்கும் இடத்தை மாத்திக்கிடலாம், பட்ஜெட்டைப் பொறுத்து. டார்க் கன்வர்ட்டர் முதல்ல நிக்கிறதை மாத்த மாட்டேன்.

தெங்கம்பட்டணம் | 2 ஆகஸ்ட், இரவு 10.15

கல்ஃபுல இருக்கிறவங்க வண்டி பத்து மாசம் சும்மா கெடக்கும். டர்போ தாங்குமா?

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 3 ஆகஸ்ட், காலை 7.00

டர்போவை விட டேங்குல இருக்கிற பெட்ரோல்தான் பிரச்சினை. இப்போ கிடைக்கிறது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம்ம கடலோரக் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? ஓரளவுக்கு மேல ஈரம் சேர்ந்தா எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு அடியில நிக்கும். பம்ப் உறிஞ்சுறதும் அடியிலதான். 1.2-ல டேங்க் பம்பையும் இஞ்செக்டரையும் பார்த்தாப் போதும். ஜிடிஐயில எஞ்சின் மேல உயரழுத்த பம்ப் ஒண்ணு கூடுதலா இருக்கு, இஞ்செக்டரும் விலை கூடியது. வைக்கிறப்ப டேங்கை நிரப்பி வைங்க, உள்ள காத்துக்கு இடம் குறையும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா யாராவது அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டணும். முற்றத்துல நிறுத்தி அஞ்சு நிமிசம் உறுமவிட்டு அணைக்கிறது ஓட்டாம வைக்கிறதை விட மோசம். எண்ணெய்க்குள்ள ஈரமும் பெட்ரோலும் சேரும், காய்றதுக்குச் சூடு வராது.

இ20-ல மைலேஜ்: எத்தனால் லிட்டருக்கு 21 மெகாஜூல், பெட்ரோல் 32. அஞ்சுல ஒரு பங்கு எத்தனால்னா சுத்தப் பெட்ரோலை விட ஏழு சதவீதம் பக்கம் சக்தி குறைவு. இ10-ல இருந்து மாறினவனுக்கு அதுல பாதி. ஆக்டேன் (தட்டாம எரியிற குணம்) ஏர்றதால டர்போ எஞ்சின் தட்டுறது (நாக்கிங்) குறையும். ஆகவே அந்த நட்டத்துல கொஞ்சத்தை டர்போ திரும்பப் பிடிக்கும், 1.2-க்கு அந்த வாய்ப்பு கம்மி.

ஆரல் காத்து | 17 ஆகஸ்ட், மாலை 4.40

சிஎன்ஜி வேணும்னா சாதா எஞ்சின்தானே? டர்போவுல இல்லையே.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 17 ஆகஸ்ட், மாலை 6.00

இருக்கு. டாடா நெக்ஸான் ஐசிஎன்ஜி, 2024-ல வந்தது, டர்போ எஞ்சின்லயே சிஎன்ஜி. 100 பிஎஸ், 170 என்எம். மத்தபடி நீங்க சொல்றது சரி. வெளியில கொடுத்து டர்போவுக்கு கிட் மாட்டுறவங்க இருக்காங்க. வேண்டாம், வாரன்டி போகும், ட்யூனிங்கும் ஒத்து வராது.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 31 ஆகஸ்ட், காலை 9.00

பழைய கேஎல் (கேரளப் பதிவு) வண்டி டர்போ பார்க்கிறவங்களுக்கு, சுருக்கமா. காலையில எஞ்சின் ஆறிக் கெடக்கிறப்பப் போங்க. போறதுக்கு முன்னாடியே "சூடாக்கி" வச்சிருந்தா இன்னொரு நாள் வாங்க. ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை வருதா. டிப்ஸ்டிக்கில பெட்ரோல் வாடை அடிக்குதா. இன்டர்கூலரோட தாழ்ந்த பக்கக் குழாயைக் கழட்டி எண்ணெய் தேங்கி நிக்குதான்னு பாருங்க. ஸ்கேனர் போட்டு இப்போ இருக்கிற கோடு மட்டுமில்ல, பழைய பதிவும் பாருங்க. எல்லாம் துடைச்சுச் சுத்தமா இருந்து, வண்டி தானாச் செஞ்சுக்கிற தன்சோதனைகளும் முடியாம நின்னா, நேத்துதான் யாரோ அழிச்சிருக்காங்க. எண்ணெய் மாத்தின பில் வரிசை இல்லாத டர்போவை எவ்வளவு குறைச்சாலும் விட்டுடுங்க. 1.2-ன்னா பில் இல்லாமலும் பேரம் பேசலாம்.

கருங்கல்காரன் | 24 செப்டம்பர், காலை 8.30

காருக்கு ஜிஎஸ்டி வரி குறைஞ்சாச்சு. நல்லவேளை நான் அவசரப்படல. டர்போவுக்குத்தான் வரி கூடவாமே?

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 24 செப்டம்பர், மாலை 7.15

யார் சொன்னது? நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல் 1200 சிசிக்குள்ள. இது ரெண்டும்தான் அளவு; டர்போ இருக்கா இல்லையான்னு சட்டம் பார்க்கிறதில்ல. 1.2-ம் 1.0 டர்போவும் முன்னால 28-ம் அதுமேல ஒரு சதவீதம் செஸ்ஸும் கட்டின வண்டிகள், செப்டம்பர் 22-ல இருந்து ரெண்டும் 18. கிரெட்டா மாதிரி 1.5 வண்டி 45-ல இருந்து 40-க்கு வந்திருக்கு. கம்பெனிகள் 1.0 டர்போன்னு அலையிறதே 1200-க்குள்ள இருந்துக்கிட்டு 1.5 பலத்தைக் காட்டத்தான்.

விலை ஒப்பிடுறப்ப ஒண்ணு கவனிங்க. டர்போ மேல் வேரியன்ட்ல இருந்துதான் தொடங்கும். அடிமட்ட 1.2 விலையையும் டர்போ விலையையும் கழிச்சு "டர்போவுக்கு இவ்வளவா"ன்னு அலறாதீங்க. அதுல பாதி அலாய் வீலும் கேமராவும். ஒரே வேரியன்ட் பேருல ரெண்டையும் வச்சுக் கழிங்க.

கருங்கல்காரன் | 27 செப்டம்பர், இரவு 9.05

நாளைக்கு டெஸ்ட் டிரைவ். ரெண்டு வண்டியும் தாறாங்க. எதைப் பார்க்கணும்?

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 27 செப்டம்பர், இரவு 9.40

ஷோரூம்காரர் கூட்டிக்கிட்டுப் போற காலி ரோட்டுல போகாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வடசேரி பக்கம் விடுங்க, ஏசி ரெண்டுல, பின்னால மூணு பேரை ஏத்தி. ரெண்டாவது கியர்ல 15 வேகத்துல ஊர்ந்து, அங்கேயிருந்து முக்கால் மிதி மிதிங்க; மனசுக்குள்ள எண்ணுங்க, எத்தனையில இழுக்குதுன்னு. அப்புறம் பார்வதிபுரம் மேம்பாலத்துல மூணாவது கியர்ல 30-ல ஏறுங்க, கியர் மாத்தாம. 1.2-ல மாத்தத் தோணுச்சா, எரிச்சல் வந்துச்சா? திரும்பி வர்றப்ப டிசிடியில நெரிசல்ல பத்து நிமிசம்.

ரெண்டு வண்டியிலயும் அதே ரோடு, அதே ஆளுங்க. ஸ்டீரியோவை அணைச்சுடுங்க.

கருங்கல்காரன் | 28 செப்டம்பர், இரவு 8.20

மேம்பாலத்துல 1.2-ல ரெண்டாவதுக்கு மாத்தினேன். எரிச்சல் வரல. வடசேரியில டர்போ மேனுவல் மூணு எண்ணுறதுக்குள்ள இழுத்துச்சு, ஆனா இழுத்தப்ப முன்னால ஆட்டோ நின்னுச்சு. டிசிடியில வீட்டுக்காரி ஓட்டினா. எறங்க மாட்டேங்கிறா.

ஆரல் காத்து | 28 செப்டம்பர், இரவு 8.25

அப்போ டிசிடிதான்.

வில்லுக்குறி ஒர்க்‌ஷாப் | 28 செப்டம்பர், இரவு 8.50

ஐ20 சிவிடியையும் ஃபிராங்ஸ் டார்க் கன்வர்ட்டரையும் அவங்க கையில கொடுத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் கட்டுங்க.

கருங்கல்காரன் | 28 செப்டம்பர், இரவு 8.52

சனிக்கிழமை.